ஜெபத்தில் சொன்னது

(அத்தியாயம் ஒன்பது)

சண்டை போட ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம் உண்டு. சில வீடுகளில் அடுப்பங்கரை, சில வீடுகளில் தெருவாசல். மில்லர்புரத்தில் தேவதாசன் வீட்டில் அது ஜெபப் பாய்.

காரணம் எளிது. ஜெபம் பண்ணுகிறவரை யாரும் மறித்துப் பேச முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரிடம் முறையிடுகிற சாக்கில் பக்கத்தில் இருப்பவரை வாங்கு வாங்கென்று வாங்கலாம். அவர் 'ஆமென்' சொல்லிவிட்டால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆமெனுக்குப் பிறகு கேள்வி கிடையாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டத்தைக் கொண்டுவந்தவர் தேவதாசன். இத்தனை வருஷமாக அதனால் லாபம் அடைந்தவரும் அவர்தான்.

அவருடைய ஒரே மகள் ஷெர்லி நாலாம் வருஷம் சட்டம் படிக்கிறாள். இந்த விடுமுறையில் அவள், நிலக்கரிக்குப் பதில் காற்றாலை வேண்டும் என்கிற மாற்று மின்சார மன்றத்தில் இன்டர்ன்ஷிப் சேர்ந்ததும், நிலக்கரி யார்டில் சூப்பர்வைசராக இருக்கிற அப்பா அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசாததும் நமக்குத் தெரிந்த கதை. பேச்சு நின்றது. ஜெபம் நிற்கவில்லை.

அன்று காலை பாட்டு முடிந்து, வேதம் வாசித்து, மூவரும் முழங்காலில் நின்றார்கள். தேவதாசன் தொண்டையைச் செருமினார்.

"பரலோக பிதாவே, ஸ்தோத்திரம். போன மாசம் இதே பாயில நின்னு ஒரு பாரத்த உம்மகிட்ட எறக்கி வச்சேன். யார்டுல கரி மேல தண்ணி தெளிக்கிற மோட்டார் இந்தக் கோடை முழுசும் ஓடல. அதிகாரி வாரன்னைக்கு மட்டும் டேங்கர் லாரிய விட்டுக் கரியக் குளிப்பாட்டுதோம். தெனமும் மோட்டார் ஓடுதுன்னு சொல்லுத இந்த நாக்க மன்னியும்னு கேட்டேன். உம்மகிட்டதான் கேட்டேன், வேற யார்கிட்டயும் கேக்கல."

பேச்சு எங்கே போய் முடியும் என்று ஷெர்லிக்குத் தெரிந்துவிட்டது.

"அது நேத்து பஜார்ல நோட்டீஸா வந்துட்டு ஆண்டவரே. மேனேஜர் ஜெயசிங் சார் அதக் கொண்டாந்து என் கையிலயே தாராரு. எவன் சொன்னான்னு கண்டுபிடியும் அண்ணாச்சின்னு என்கிட்டயே சொல்லுதாரு. அந்தக் காலத்துல ஒருத்தன் முப்பது வெள்ளிக்காசாவது வாங்கிட்டுக் காட்டிக்கொடுத்தான். இந்த வீட்டுல சம்பளமே இல்லாம நடக்குது."

ஷெர்லி கண்ணைத் திறந்து பார்த்தாள். அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார்.

"இன்னைக்குக் கூட்டத்துல அந்த வரிய மறுபடியும் வாசிச்சாங்கன்னா, யார் வாயிலேருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்க ஜோசியரத் தேட வேண்டாம். என் வேல போயிரும். வேல போனாலும் போகுது, பொய்யன்னு பேர் வாங்கிட்டு நான் சபையில எப்படிப் போய் நிப்பேன்? பெத்த பிள்ளைக்குப் புத்தியக் கொடும். ஆமென்."

அடுத்தது ஷெர்லியின் முறை. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த வித்தை தெரியாமலா இருக்கும்?

"ஆண்டவரே, ஒரு பொய்ய மன்னியும்னு கேட்டுட்டு, எழுந்து போய் மறுநாளும் அதே பொய்யச் சொல்லுதவங்களுக்கு நீர் என்ன பதில் சொல்லுவீர்னு எனக்குத் தெரியல. அந்தக் கரித் தூசிய தெனமும் மூச்சுல வாங்குத பிள்ளைங்களுக்காவ யாரு ஜெபிப்பா? ஆமென்."

ஷெர்லியின் அம்மா இன்பமணி டீச்சர் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை.

"கர்த்தாவே, ரெண்டு பேருக்கும் நாக்க அடக்குத கிருபையத் தாரும். இட்லி ஆறுது. ஆமென்."

இட்லிக்கு முருங்கைக்காய் சாம்பார். அந்த வருஷம் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோதும், சாத்தான்குளத்தில் தேவதாசனுக்கு இருந்த சின்னத் தோட்டத்தில் முருங்கை மட்டும் சடைசடையாய்க் காய்த்தது. வாரம் ஒரு கட்டு வீட்டுக்கு வரும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, சபைக் கமிட்டிக்காரர்களுக்குக் கொடுத்து, அப்படியும் மிஞ்சியதை ஷெர்லி மன்றத்துக்கும் எடுத்துப்போயிருக்கிறாள். கொஞ்ச நாளாக இன்பமணி மட்டும் அதைத் தொடுவதில்லை. பொடியைத் தொட்டுச் சாப்பிடுவாள். கேட்டால் வாயு என்பாள்.

தேவதாசன், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனார்.

"நீ செஞ்சது தப்புளா," என்றாள் இன்பமணி, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே.

"அப்பா செஞ்சது?"

"அதுவுந்தான். ஒரு தப்ப இன்னொரு தப்ப வச்சுத் தேய்ச்சுக் கழுவ முடியாது."

பஸ்ஸில் போகும்போது ஷெர்லிக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது. எது அதிகம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

விஷயம் இதுதான். துறைமுகத்துக்கு வெளியே இருக்கிற அந்த யார்டைப் பெரிதாக்க கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அதற்காக அன்று பிற்பகல் கருத்துக் கேட்புக் கூட்டம். அனுமதி கூடாது என்று மன்றம் தரப்போகிற பரிந்துரையைத் தமிழில் எழுதும் வேலை ஷெர்லிக்கு வந்தது. அவள் எழுதிக்கொண்டு போனதையெல்லாம் மன்றத்தை நடத்துகிற அஃபீஃபா திருப்பித் திருப்பி அடித்தாள். இதெல்லாம் எல்லா ஊர்லயும் எல்லாரும் எழுதுறது, நம்ம ஊர்ல நடக்கிறது எங்க என்பாள். ஒரு நாள் ரோஷத்தில், முந்தின நாள் ஜெபத்தில் காதில் விழுந்ததை ஷெர்லி எழுதிவிட்டாள். 'தண்ணீர் தெளிக்கும் மோட்டார் இந்தக் கோடை முழுவதும் ஓடவில்லை. அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் டேங்கர் லாரியால் நிலக்கரி நனைக்கப்படுகிறது.' அன்றுதான் அஃபீஃபா முதல் தடவையாக நல்லாருக்கு என்றாள். அந்த ஒரு வார்த்தையில் ஷெர்லி குளிர்ந்துபோனாள். பிறகு அந்த வரி நோட்டீசிலும் ஏறியது.

மன்றம் என்பது மாடியில் இரண்டு அறை. அஃபீஃபா பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். காயல்பட்டினத்துக்காரி. பேச்சில் சர்க்கரை போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"அக்கா, அந்த மோட்டார் வரிய மட்டும் எடுத்துருவோமா?"

"எதுக்கு?"

"சொன்னவருக்கு வேல போயிரும்."

அஃபீஃபா அடுக்குவதை நிறுத்தினாள். "அவர்ட்ட சம்மதம் கேட்டுட்டுத்தானே எழுதின?"

ஷெர்லி பேப்பர் கட்டைப் பார்த்தாள்.

"யாரு சொன்னதுன்னு நான் அன்னைக்கே கேட்டேன். யார்டுல வேல பாக்கிறவர்னு சொன்ன. எங்க வச்சுச் சொன்னாரு?"

"ஜெபத்துல."

"என்ன?"

"எங்கப்பா. வீட்டு ஜெபத்துல."

அஃபீஃபா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஒங்க வாப்பா ஆண்டவன்ட்ட அழுததை எடுத்து நீ என் நோட்டீஸ்ல போட்டியா? எங்க ஊர்ல இப்படி ஒருத்தி செஞ்சா வீட்டு வாசல்ல ஏத்த மாட்டாங்க. அது அமானிதம். ஒன்னை நம்பி ஒன் காதுல வச்சது."

"சத்தமாத்தானே ஜெபிச்சாங்க. வீட்ல எல்லாருக்குந்தான் கேட்டுச்சு."

"வக்கீலுக்குப் படிக்கிறவ பேச்சு இது. நல்லாருக்கு."

நல்லாருக்கு என்ற அதே வார்த்தை. இந்தத் தடவை அது சுட்டது.

"அப்ப எடுத்துருவோம்லா அக்கா?"

"எப்படி எடுப்ப? மனு நேத்தே உள்ள போயாச்சு. இப்ப எடுத்தா, பொய் சொல்லி மாட்டிக்கிட்டாங்கன்னு அவங்க ஊதுவாங்க. யார்டுக்குப் பின்னால உள்ள வீட்ல காலையில எழுந்தா தலவாணி கறுத்துக் கெடக்கு. ஒங்க வாப்பா வேலைக்காவ நான் அத விட முடியாது." அஃபீஃபா பேப்பர் கட்டைப் பையில் திணித்தாள். "நீ இன்னைக்கு மைக்கத் தொடாத. நான் வாசிக்கேன். ஒன் இன்டர்ன்ஷிப் இருக்கா இல்லையான்னு நாளைக்குப் பேசிக்கிடுவோம்."

அவள் ஷெர்லியை ஏற்றிக்கொள்ளாமலே ஸ்கூட்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.

ஷெர்லி ஷேர் ஆட்டோ பிடித்தாள். அதுவும் பாதியில் நின்றது. துறைமுகத்தில் இறங்கிய காற்றாலை இறக்கை ஒன்று நீள டிரெய்லரில் கிடந்தபடி, வளைவில் திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. "இந்தக் காத்தாடிக்காரனுவ ஊர வாழ விட மாட்டானுவ," என்று ஆட்டோக்காரர் காறித் துப்பினார். காற்றாலைக்குப் பரிந்து அத்தனை பக்கம் எழுதியவள் வாயை மூடிக்கொண்டு இறங்கி நடந்தாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். முன் வரிசை முழுவதும் கம்பெனி வேனில் வந்த ஆட்கள். பந்தி நடக்கும் பக்கத்திலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு எதைப் பற்றிய கூட்டம் என்பதைவிட இலை எப்போது போடுவார்கள் என்பதுதான் கவலை. வெள்ளைச் சட்டையில் தேவதாசன் ஜெயசிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு இன்பமணியும் வந்திருந்தாள். புருஷன் பக்கமும் போகாமல், மகள் பக்கமும் வராமல், ஓரமாக ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தாள்.

அஃபீஃபா மைக் முன்னால் நின்று வாசித்தாள். யார்டை விரிவாக்க அனுமதி தரக் கூடாது. அந்த நிலத்தைக் காற்றாலை, சூரியமின் தளவாடங்கள் வைக்க ஒதுக்க வேண்டும். யார்டில் வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அந்த வேலையில் முதல் உரிமை தர வேண்டும்.

"காத்தடிக்காத மாசம் என்னளா செய்வ? விசிறிய வச்சு வீசுவியா?" முன் வரிசையில் ஒருவர் கத்தினார். மண்டபம் சிரித்தது.

மேடையில் இருந்த அதிகாரி மேசையைத் தட்டினார். "மரியாதையாப் பேசுங்க. இல்லன்னா வெளிய போகலாம்."

அஃபீஃபா சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, அந்த வரியை வாசித்தாள்.

ஜெயசிங் எழுந்துவிட்டார். "சார், இது அபாண்டம். எங்க சூப்பர்வைசர் இங்கனதான் இருக்காரு. சபைக் கமிட்டியில உள்ளவர். பொய் சொல்லத் தெரியாதவர். அவரே சொல்லட்டும். அண்ணாச்சி, வாங்க."

தேவதாசன் போனார். கோயிலில் எத்தனையோ தடவை மைக் பிடித்த கை. அதை இப்போதும் அதே மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார்.

"மோட்டார் தெனமும் ஓடுது," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார். ஜெபத்தில் மூடுவதுபோலவே. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"இந்த நோட்டீஸ எழுதினது என் மகதான். அந்தா, அங்கன நிக்கா. யார்டு வேல அவளுக்குக் கேவலமாப் போச்சு. அந்த யார்டுச் சம்பளத்துலதான் அவ படிச்சா. வீட்டுல என்னோட உள்ள சண்டையக் கொண்டாந்து ஊர் நோட்டீஸ்ல ஒட்டிட்டா. அவ்வளவுதான் சார்."

எல்லாத் தலையும் ஷெர்லி பக்கம் திரும்பியது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். பிள்ளைகள படிக்க வச்சா இப்படித்தான் என்று ஒரு குரல் கேட்டது.

அதிகாரி அவளைப் பார்த்தார். "நீங்களாம்மா எழுதினது?"

"ஆமா சார்."

"ஒங்களுக்கு யாரு சொன்னாங்க?"

எங்கப்பா என்று சொன்னால் போதும். ஒரு வார்த்தை. அவர் அவளை ஊர் முன்னால் நிறுத்தியதற்கு அது சரியான கூலி. வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நின்றது. அப்போதுதான் தேவதாசன் கண்ணைத் திறந்து, பல நாளுக்குப் பிறகு, மகள் முகத்தை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அப்பா பயந்து அவள் பார்த்ததே இல்லை.

"சொல்ல மாட்டேன் சார்," என்றாள்.

முன் வரிசை ஊளையிட்டது. அஃபீஃபா தலையில் கை வைத்தாள்.

"எங்கப்பாவையும் கேக்காதீங்க, என்னையும் கேக்காதீங்க. ரெண்டு பேரும் கோவத்துல இருக்கோம். மோட்டார்தான் கோவப்படாது. நேர்ல போய் அத ஓடவிட்டுப் பாருங்க."

ஊளை அடங்கியது. அதிகாரி பேனாவை மூடினார்.

"நல்லது. நாளைக்குக் காலையில நானே வாரேன். டேங்கர் லாரி ஒண்ணும் அந்தப் பக்கம் நிக்கக் கூடாது."

ஷெர்லிக்கு நெஞ்சு லேசானது. அப்பா பெயரையும் சொல்லவில்லை, வரியையும் விடவில்லை. ஓடாத மோட்டார் எரிந்துதான் போயிருக்கும்; அதை மாற்றாதது கம்பெனியின் குற்றம், அப்பாவுக்கு என்ன வந்தது? வக்கீலாகி முதல் கேஸை ஜெயித்ததுபோல ஒரு திமிர்கூட வந்தது. அந்தத் திமிரோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

இன்பமணி முகத்தில் ரத்தமே இல்லை.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, தூணுக்கு அந்தப் பக்கம் ஜெயசிங்கின் குரல் கேட்டது.

"விடியக்குள்ள மோட்டார் இருந்த எடத்துல இருக்கணும். எப்படின்னு எனக்குத் தெரியாது. ஒமக்குத் தெரியும்."

தேவதாசனுக்கு அண்ணாச்சி போய் 'ஒமக்கு' வந்திருந்தது. எங்கேயாவது வாடகைக்குப் பிடிக்கச் சொல்கிறார்போல என்று ஷெர்லி நினைத்துக்கொண்டாள். நன்றாக அலையட்டும் என்றும் நினைத்தாள்.

பொழுது சாய்ந்து, விளக்குப் போட்டதும் இன்பமணி வழக்கம்போலப் பாயை விரித்தாள். தேவதாசன் வந்து நின்றார். பாட்டு எடுக்கவில்லை. வேதத்தைத் திறக்கவில்லை.

"இனிமே இந்த வீட்டுல சத்தமா ஜெபம் கிடையாது," என்றார் சுவரைப் பார்த்து. "சொன்னது சந்திக்கு வருது. அவங்கவங்க மனசுக்குள்ள பண்ணிக்கிடுங்க."

மூவரும் முழங்காலில் நின்றார்கள். ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறந்தது முதல் இந்த நேரத்தில் அப்பா குரலைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. திட்டித் தீர்த்தால்கூடத் தேவலை என்றிருந்தது. தப்பு செய்துவிட்டேன் அப்பா என்று சொல்ல வாய் எடுத்தாள்.

அதற்குள் இன்பமணி பேசினாள். சத்தமாக. பின் பெஞ்சுக்கும் கேட்கிற டீச்சர் குரலில்.

"பிதாவே, இந்தப் பாயில ஒரு மனுஷன் பாதிதான் சொன்னாரு. மீதிய நான் சொல்லுதேன்."

"ஏளா," என்றார் தேவதாசன்.

ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது என்ற சட்டத்தை அந்த வீட்டில் முதன்முதலாக மீறியவர் அதைப் போட்டவரேதான். இன்பமணி நிறுத்தவில்லை.

"அந்த மோட்டார் எரியல ஆண்டவரே. கம்பெனியில புதுசு வாங்குதோம், பழச நீரு எடுத்துக்கிடும், வாய மட்டும் தொறக்காதேயும்னு தந்தாங்க. இவர் தூக்கிட்டு வந்தாரு. புதுசு வரவே இல்ல. பழசு சாத்தான்குளத்துத் தோட்டத்துல நம்ம முருங்கைக்குத் தண்ணி எறைக்குது. கம்பெனிப் பேரச் சொரண்டின தடத்த என் கண்ணால பாத்தேன். அன்னையிலேருந்து அந்தக் காய் எனக்குத் தொண்டைக்குள்ள எறங்கல. அது தெரியாம என் பிள்ள, மோட்டார ஓடவிட்டுப் பாருங்கன்னு ஊர் முன்னால சொல்லிட்டு வந்துருக்கா. நாளைக்கு அந்த அதிகாரி இந்த வாசல்ல வந்து என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தைரியத்தக் கொடும். ஆமென்."

ஷெர்லி அப்பாவைப் பார்த்தாள். காலையில் அவள் தின்றதும் அந்த முருங்கைக்காய்தான். கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தாள்.

இன்பமணி விரலை உயர்த்தி அவளை நிறுத்தினாள். "ஆமென் சொல்லியாச்சு," என்றாள்.

தேவதாசன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டார். ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்தார்.

அவர் போவது சாத்தான்குளத்துக்கா, ஜெயசிங் வீட்டுக்கா, அல்லது அந்த அதிகாரியைத் தேடியா என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை.